பெருவழிகள் கூடுமிடம்

(கோயம்புத்தூரில் ஆற்றிய சொற்பொழிவு)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அடுக்குச் சாலைச் சந்திப்பு. பல திசைகளிலிருந்து வரும் பெருஞ்சாலைகள் ஓரிடத்தில் கூடும்போது, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்தியும் தாழ்த்தியும் அமைத்து, எந்த வாகனமும் மற்றொன்றுக்காகக் காத்து நிற்காமல் தான் வேண்டிய திசைக்குத் திரும்பிச் செல்லுமாறு செய்கிற நிர்மாணத்தையே அப்படிச் சொல்கிறேன். தலைநகரமாகிய சென்னையில், கத்திப்பாராவில், அது இருக்கிறது. கொங்கு நாட்டின் தலைநகரம் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளும் இந்தக் கோவையில் அது இருக்கிறதா? இருக்கிறது என்பார் சிலர். காந்திபுரத்தைக் காட்டுவார்கள், உக்கடத்தைக் காட்டுவார்கள், அவிநாசி சாலையைக் காட்டுவார்கள். இவற்றில் எது சந்திப்பு, எது பாலம் மட்டும், இனி வரவேண்டியது எது, அது வருவதற்கு நாம் இன்றே செய்யவேண்டிய காரியம் யாது என்பதுதான் என் பேச்சின் பொருள்.

இந்த மண்ணுக்குச் சாலைச் சந்திப்பு புதிதா? வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் வானளாவி நிற்க, அவற்றினிடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய்தான், மேலைக் கடற்கரையையும் கீழ்த்திசைச் சமவெளியையும் இணைக்கும் இயற்கையான வாசல். அந்த வாசலுக்கு நேர் கிழக்கே அமைந்த ஊர் நம் ஊர். மேலைக் கடல் துறைகளுக்கும் கரூருக்கும் இடையே நடந்த வாணிகம் நொய்யல் கரையை ஒட்டியே நடந்தது. வெள்ளலூரில் ரோமாபுரியின் நாணயங்கள் குவியலாகக் கிடைத்தன. கொடுமணலில் மண்ணை அகழ்ந்தபோது, கல்மணி செய்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்த தொழிலூர் ஒன்று வெளிப்பட்டது. சுண்டக்காமுத்தூரை ஒட்டிய மலைச்சாரலில், தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறித்த சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அவ்வழியே சென்ற பாதையை இராசகேசரிப் பெருவழி என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒரு பாதைக்குப் பெயர் சூட்டி, அப்பெயரைக் கல்லில் வெட்டி வைக்கவேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசுக்குத் தோன்றியிருக்கிறது என்றால், இந்த ஊரின் செல்வத்துக்கும் இந்த ஊரின் வழிகளுக்கும் உள்ள சம்பந்தத்தை நான் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை.

அந்தப் பெருவழி இன்று எத்தனை பெருவழிகளாகப் பெருகிவிட்டது என்று பாருங்கள். சேலத்திலிருந்து அவிநாசி வழியாக வந்து கொச்சிக்குச் செல்கிறது தேசிய நெடுஞ்சாலை 544. திருச்சி வழியாகச் சிதம்பரத்துக்குச் செல்கிறது 81. பொள்ளாச்சி, திண்டுக்கல் வழியாக நாகப்பட்டினம் வரை நீள்கிறது 83. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, உதகையில் ஏறி, குண்டலுப்பேட்டையில் இறங்குகிறது 181. சத்தியமங்கலத்துக் காட்டைக் கடந்து பெங்களூருக்குப் போகிறது 948. இவையெல்லாம் இங்கே வந்து கூடுகின்றன. பஞ்சுப் பொதி ஏற்றிய லாரியும், பம்புசெட்டு ஏற்றிய லாரியும், பொள்ளாச்சித் தேங்காயும், திருப்பூர்ப் பின்னலாடையும், ஆலைக்கு வேலைக்குச் செல்லும் பெண்கள் நிறைந்த பேருந்தும், கல்லூரி மாணவனின் இருசக்கர வாகனமும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில், ஒரே சிக்னலுக்கு முன்னே நிற்கின்றன. நிற்கின்றன என்று சொன்னேன். நாம் தினந்தோறும் காணும் துயரம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஏன் நிற்கின்றன? சாலை சாஸ்திரம் அறிந்தவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு சாலைகள் சமதளத்தில் கூடும் ஒரு நாற்சந்தியை எடுத்துக்கொண்டு, எந்தத் திசையிலிருந்து வரும் வண்டி எந்தத் திசைக்குத் திரும்பினாலும் அதன் பாதை மற்ற வண்டிகளின் பாதையை எங்கெங்கே தொடுகிறது என்று கோடு கிழித்துப் பார்த்தால், 32 இடங்களில் மோதலுக்கு வாய்ப்பு இருப்பது தெரியும். அவற்றில் 8 இடங்கள் பாதைகள் பிரியும் இடங்கள். 8 இடங்கள் பாதைகள் சேரும் இடங்கள். எஞ்சிய 16 இடங்களில் ஒரு பாதை இன்னொன்றை நேர் குறுக்காக வெட்டிச் செல்கிறது. பிரிவதிலும் சேர்வதிலும் நேரும் விபத்து பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். குறுக்கே வெட்டும் இடத்தில் நேரும் விபத்தோ ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடும். சிக்னல் என்ன செய்கிறது? ஒரு சாராரைப் போகவிட்டு மற்ற மூன்று சாராரை நிறுத்தி வைப்பதன் மூலம், அந்த 16 இடங்களையும் காலத்தால் பிரித்து வைக்கிறது. அடுக்குச் சந்திப்பு என்ன செய்கிறது? அதே 16 இடங்களையும் உயரத்தால் பிரித்து, அடியோடு இல்லாமற் செய்துவிடுகிறது. ஒருவருக்காக ஒருவர் நிற்கவேண்டிய அவசியமே அங்கே ஒழிந்துபோகிறது.

இந்த உபாயத்துக்கு ஒரு நூற்றாண்டு வயது ஆகிறது. அமெரிக்காவில் மேரிலாண்டைச் சேர்ந்த ஆர்தர் ஹேல் என்னும் பொறியாளர், 1916-ஆம் ஆண்டில் இதன் நான்கிலை வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டில் அவ்வடிவத்தில் அமைந்த முதல் சந்திப்பு, நியூ ஜெர்சி மாநிலத்து வுட்பிரிட்ஜ் என்னுமிடத்தில் 1929-இல் திறக்கப்பட்டது. மேலிருந்து பார்த்தால், நம் வயல் வரப்பின் ஈரத்தில் முளைத்துக் கிடக்கும் ஆரைக்கீரையின் நான்கு இலைகளைப் போலவே அது தோன்றும். நடுவில் இரண்டு சாலைகள் மேலும் கீழுமாகக் குறுக்கிட, நான்கு மூலைகளிலும் நான்கு வளையங்கள் விரிந்திருக்கும்.

அந்த வளையங்களின் சூட்சுமம் என்ன? நாம் சாலையின் இடப்புறத்தில் செல்பவர்கள். இடப்புறம் திரும்புவதில் நமக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஓரமாகவே ஒதுங்கிப் போய்விடலாம். வலப்புறம் திரும்புவதில்தான் எதிரே வருவோரையும் குறுக்கே போவோரையும் வெட்டவேண்டியிருக்கிறது. ஹேலின் அமைப்பில், வலப்புறம் போகவேண்டியவன் வலப்புறம் திரும்புவதே இல்லை. நேராகப் பாலத்தைக் கடந்துவிடுகிறான். கடந்த பிறகு இடப்பக்கமாகவே ஒதுங்கி, முக்கால் வட்டம் சுற்றி, தான் சற்றுமுன் கடந்துவந்த அதே சாலையில், தான் விரும்பிய திசையை நோக்கி வந்து சேர்ந்துகொள்கிறான். சிறிது தூரம் கூடுதலாகச் சுற்றினாலும், ஒரு நொடிகூட நிற்பதில்லை. எவ்வளவு எளிய யோசனை! ஆனால் அதை நிறைவேற்றுவதற்கு எவ்வளவு நிலம் வேண்டும்! அந்த நிலத்தைப் பற்றித்தான் இன்று நான் உங்களிடம் முறையிட வந்திருக்கிறேன்.

சென்னையின் முதல் மேம்பாலம் 1973-இல் ஜெமினி சந்திப்பில் எழுந்தது. அண்ணா மேம்பாலம் என்று பெயர் பெற்றது. அதற்கு 35 ஆண்டுகளுக்குப் பிறகு, 2008-இல், கத்திப்பாராவின் அடுக்குச் சந்திப்பு முழுமையாகத் திறக்கப்பட்டது. தெற்கு மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் வரும் பெருந்தெற்குச் சாலையும், நகரத்தின் நடுநாடியாகிய அண்ணா சாலையும், கோயம்பேட்டை நோக்கிச் செல்லும் உள்வட்டச் சாலையும், பூவிருந்தவல்லிச் சாலையும் அங்கே ஒன்றுகூடுகின்றன. விமான நிலையத்திலிருந்து இறங்குகிறவரும், திண்டிவனத்திலிருந்து காய்கறி ஏற்றி வருகிறவரும், பரங்கிமலை மின்ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரும் அதைக் கடந்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் நான்கிலை வடிவம் சாத்தியமாயிற்றே, எதனால்? நேரு பெருமானின் சிலையைத் தாங்கிய பெரிய ரவுண்டானா ஒன்று அங்கே முன்பிருந்தே இருந்தது; வளையங்கள் விரிவதற்கு ஓரளவேனும் இடம் கிடைத்தது. இதே நான்கு சாலைகளும் தியாகராய நகரின் நடுவிலோ மயிலாப்பூரின் நடுவிலோ கூடியிருக்குமானால், எத்தனை கோடி ரூபாய் கொட்டினாலும் அப்படியொரு சந்திப்பை எழுப்பியிருக்க முடியாது. பிற்பாடு, 2015-இல், அதற்கும் மேலாக மெட்ரோ ரயிலின் பாதை ஓடத் தொடங்கிற்று. கீழே தரைச்சாலை, அதன்மேல் வளையங்கள், அவற்றின் மேலே ரயில் என்று, ஆலந்தூரிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு மனித முயற்சியின் அடுக்குகள் பிரத்தியட்சமாகத் தெரியும்.

ஆயினும் நண்பர்களே, நான்கிலை வடிவம் குறையற்றது என்று நான் சொல்லமாட்டேன். அதன் குறை எங்கே இருக்கிறது என்பதைப் பாலத்தின் மேல் நின்று கவனித்தால் ஐந்து நிமிஷத்தில் புலப்படும். ஒரு வளையத்திலிருந்து சாலைக்குள் நுழைகிற வண்டி வலப்பக்கமாக விலகி வேகமெடுக்கப் பார்க்கிறது. அதே இடத்தில், அடுத்த வளையத்துக்குள் ஒதுங்கவேண்டிய வண்டி இடப்பக்கமாக வந்து வேகம் தணிக்கப் பார்க்கிறது. இரண்டும் சிறிய தூரத்துக்குள் ஒன்றின் பாதையை மற்றொன்று கடந்தாகவேண்டும். வண்டிகள் சொற்பமாக இருக்கும் காலத்தில் இது தொல்லையாகத் தெரிவதில்லை. பெருகும்போது, நிற்காமல் போவதற்கென்று கட்டிய இடத்திலேயே வண்டிகள் தேங்கத் தொடங்குகின்றன. முன்னோடியாகிய அந்த வுட்பிரிட்ஜ் சந்திப்பே பிற்காலத்தில் வேறு வடிவுக்கு மாற்றப்பட்டுவிட்டது.

இன்னொரு விதியும் உண்டு. அது மனிதர் இயற்றிய விதி அன்று, இயற்கையின் விதி. வளைவில் செல்லும் வேகத்தை இரு மடங்காக்க விரும்பினால், வளைவின் ஆரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதுமான வளைவு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனை வெளியே தூக்கி எறியும். வளைவின் வெளிப்புறத்தைச் சற்று உயர்த்திச் சரிவு கொடுத்து இதை ஓரளவு ஈடுசெய்யலாமே தவிர, விதியை மாற்ற இயலாது. இதற்கு நம் ஊரிலேயே ஒரு கசப்பான திருஷ்டாந்தம் உண்டு. திருச்சி சாலையில் இராமநாதபுரத்திலிருந்து சுங்கம் வரை கட்டிய மேம்பாலம் 2022 ஜூனில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள்ளேயே, சுங்கத்தருகே உள்ள வளைவில் இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அதன் பின்னரே வேகத்தடைகளும் எச்சரிக்கைகளும் வந்து சேர்ந்தன. அந்த வளைவு ஏன் அவ்வளவு இறுக்கமாக இருந்தது? இருபுறமும் கட்டடங்கள் எழும்பிவிட்ட ஊருக்குள் வளைவை அகலமாக விரிக்க இடம் எங்கே? நிலத்தில் செய்யும் சிக்கனத்துக்கு விலை வேறொரு கணக்கில், வேறொருவர் வீட்டில், வசூலாகிவிடுகிறது.

இப்போது காந்திபுரத்துக்கு வாருங்கள். நகரப் பேருந்து நிலையமும், வெளியூர்ப் பேருந்து நிலையமும், ஆம்னி பேருந்து நிலையமும் ஒன்றையொன்று அடுத்தடுத்து நெருங்கியிருக்கும் அந்த இடத்தில், இரண்டடுக்காக மேம்பாலங்கள் எழுந்து நிற்கின்றன. நஞ்சப்பா சாலையிலிருந்து சத்தி சாலைக்குப் போகும் பாலம் ஒன்று; நூறடிச் சாலையிலிருந்து கிளம்பி, அதற்கும் மேலே குறுக்காகச் செல்லும் பாலம் மற்றொன்று. பார்வைக்குப் பிரம்மாண்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழ்ப்பாலத்தில் செல்கிறவர் மேற்பாலத்துக்கு மாறமுடியுமா? முடியாது. மேற்பாலத்தில் வருகிறவர் கீழ்ப்பாலத்துக்கு இறங்க முடியுமா? முடியாது. இரண்டும் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன, சந்திப்பதில்லை. நேராகப் போகிறவருக்கு அதனால் உபகாரம் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் கிராஸ்கட் சாலைக்குத் திரும்ப வேண்டியவரும், பேருந்து நிலையத்துக்குள் நுழைய வேண்டியவரும், நிலையத்தைவிட்டு வெளியேறும் நூற்றுக்கணக்கான பேருந்துகளும் பழையபடி தரையிலேயே, முன்னைக் காட்டிலும் குறுகிப்போன தரையிலேயே, தூண்களுக்கு நடுவே தடுமாறவேண்டியிருக்கிறது. காந்திபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காந்திபுரத்துக்கே வருகிறவர்கள். அதைத் தாண்டிப் போகிறவர்கள் அல்லர். அங்கே தேவைப்பட்டது திரும்பும் வசதி. கிடைத்ததோ தாண்டும் வசதி. பொறியாளர்களைக் குறை கூறி என்ன பயன்? வளையம் ஒன்று விரிப்பதற்குக்கூட அங்கே யாரும் ஒரு துண்டு நிலத்தை முன்கூட்டி ஒதுக்கி வைக்கவில்லையே!

மாலை ஆறு மணிக்கு அந்தப் பாலத்தடியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வெளியூர்ப் பேருந்திலிருந்து இறங்கிய ஒரு தாய், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கட்டைப்பையுமாக, நகரப் பேருந்தைப் பிடிப்பதற்காகச் சாலையைக் கடக்க முற்படுகிறார். தூண் மறைப்பதால் வருகிற வண்டி அவருக்குத் தெரிவதில்லை. அதே தூண் மறைப்பதால் அவரும் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. ஓரடி முன்னே வைப்பார்; ஹாரன் சத்தம் கேட்டுப் பின்வாங்குவார். மறுபடி ஓரடி. தலைக்கு மேலே, காணமுடியாத உயரத்தில், பாலத்தின் இணைப்பு இரும்பைக் கடக்கும் சக்கரங்களின் ஓசை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சக்கரங்களுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு நிமிஷங்களை மிச்சப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தாய்க்கு இந்த நிர்மாணத்தில் என்ன பங்கு கிடைத்தது? அவரும் வரி கொடுக்கிறார் அல்லவா? அவருடைய வரியும் அந்தத் தூணுக்குள் இருக்கிறதல்லவா?

உக்கடத்துக் கதை சற்று மேலானது. அங்கிருந்து தெற்கே நொய்யலின் ஆற்றுப்பாலத்தை அடைந்தால், ஒரு கிளை பாலக்காட்டுக்கும் ஒரு கிளை பொள்ளாச்சிக்குமாகப் பிரிகிறது. ஒருபுறம் பெரியகுளமும் மறுபுறம் வாலாங்குளமும் இருக்க, இடையிலே பேருந்து நிலையமும் மீன் அங்காடியும் கடைவீதிகளும் நெருங்கிக் கிடக்கிற இடம் அது. 2024 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்ட 3.8 கிலோமீட்டர் நீள மேம்பாலம், முதலில் ஒரு பகுதியாகத் தொடங்கிப் பிறகு நீட்டப்பட்டது என்றாலும், பிரிந்து செல்லும் சாலைகளுக்கு ஏற்பக் கிளைகளை வைத்துக் கட்டப்பட்டது. அதாவது, கடப்பதோடு நில்லாமல் திரும்பவும் அது இடங்கொடுக்கிறது. கோவையில் சந்திப்பு என்ற பெயருக்கு அருகில் வருவது என் அபிப்பிராயத்தில் அதுவே. ஆயினும் அதுவும் ஊர் நெருங்கிப் போன பிறகு, வாகன ஓட்டிகளும் கடைக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் புழுதியில் அவதியுற்ற பிறகு வந்தது.

அவிநாசி சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் தூரம் நீண்டு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த உயர்மட்டச் சாலைக்கு ஜி. டி. நாயுடு அவர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பொருத்தம்! 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கி, பின்னர் யு. எம். எஸ். என்னும் பெரும் ஸ்தாபனமாக அதை வளர்த்தவர் அவர். பேருந்து என்பது சாமானியனின் வாகனம் என்பதை அறிந்தவர். அவர் பெயர் தாங்கிய சாலையில் நகரப் பேருந்துக்கு என்ன இடம் இருக்கிறது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பீளமேட்டிலும் ஹோப்ஸ் காலேஜிலும் பேருந்துக்காகக் காத்திருப்பவர் இன்னும் கீழ்ச்சாலையில்தான் நிற்கிறார். அந்தக் கீழ்ச்சாலைக்கு அகலமான நடைபாதையும், நிழலும், பாதுகாப்பாகக் கடக்கும் இடங்களும் கிடைத்தால்தான் மேலே செலவிட்ட பணம் எல்லோருக்குமாகச் செலவிட்டதாகும். கத்திப்பாராவிலும் இந்தப் பாடத்தைத் தாமதமாகவே கற்றார்கள். சந்திப்பைத் திறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2021-இல்தான், வளையங்களுக்குக் கீழே கிடந்த நிலத்தைச் செப்பனிட்டு, பேருந்து நிற்கும் இடமும் கடைகளும் மக்கள் அமரும் சதுக்கமும் அமைத்து, ஆலந்தூர் மெட்ரோ நிலையத்துக்கு வருகிறவர்களுக்குச் சௌகரியம் செய்தார்கள். கீழே நிலம் இருந்தது. அதனால் பின்னாளிலாவது செய்ய முடிந்தது. காந்திபுரத்தில் அந்தப் பாக்கியமும் இல்லை.

ஆகவே, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிலத்தில்தான் வந்து நிற்கிறோம். வளையம் விரிய நிலம் வேண்டும். வளைவு பாதுகாப்பாக இருக்க நிலம் வேண்டும். நடப்பவர் நடக்க நிலம் வேண்டும். அந்த நிலத்தை எப்போது பெறுவது? சந்தி நெரிசலான பிறகா, நெரிசல் வருவதற்கு முன்பா? லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நான்கடுக்குச் சந்திப்பு ஒன்று உண்டு. வளையங்களே இல்லாமல், திரும்புகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தடம் கொடுத்து, நான்கு மட்டங்களில் அடுக்கிய முதல் சந்திப்பு அது. அதைக் கட்டி முடித்தது 1949-இல். முழுமையாகத் திறந்ததோ 1953-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன நடந்தது? அதிலே வந்து சேரவேண்டிய விரைவுச் சாலைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக உருவாகிக்கொண்டிருந்தன. சாலைகள் வருமுன்பே சந்திப்பைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்! அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்திப்பைக் கட்டாவிட்டாலும், சந்திப்புக்கான இடத்தையாவது வைத்துவிட்டுக் காத்திருக்கலாம் அல்லவா?

நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை, ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தூரத்துக்கு, நாம் எல் அண்டு டி பைபாஸ் என்று அழைக்கும் புறவழிச்சாலை போடப்பட்டபோது, அதன் இருமருங்கிலும் என்ன இருந்தது? தென்னந்தோப்பும், சோளக்காடும், மேய்ச்சல் நிலமும் இருந்தன. திருச்சி சாலையை அது சந்திக்கும் சிந்தாமணிப்புதூரிலும், பொள்ளாச்சி சாலையைச் சந்திக்கும் ஈச்சனாரிப் பக்கத்திலும், அன்றைய விலையில் நாற்புறமும் நிலத்தை வாங்கி வேலி போட்டு வைத்திருந்தால், இன்று அங்கே நிம்மதியாகச் சந்திப்பு எழுப்பலாம். சாலையையே இரண்டு தடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சந்திப்பைப் பற்றி யார் நினைத்தார்கள்? இன்று ஊர் அங்கேயும் போய்விட்டது. பேக்கரியும், ஹார்டுவேர் கடையும், கல்யாண மண்டபமும் மூலைக்கு மூலை எழும்பிவிட்டன. இரவில் கேரளத்தை நோக்கி விரையும் கனரக வண்டியும், டீ குடிக்கச் சாலையைக் கடக்கும் தொழிலாளியும் அந்த இரண்டு தடங்களையே பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே நேர்ந்த மரணங்களைச் செய்தித்தாளில் நாம் வாசித்து வாசித்துப் பழகிவிட்டோம், பழகியிருக்கக் கூடாது.

போனதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியது, வரப்போவதைப் பற்றிச் சொல்வதற்காகவே. நகரத்தின் மேற்குப் பக்கத்தில், பாலக்காட்டுச் சாலையில் மைல்கல் என்னும் இடத்திலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் நரசிம்மநாயக்கன்பாளையம் வரை, சுமார் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு மேற்குப் புறவழிச்சாலை உருவாகி வருகிறது. அது சிறுவாணி சாலையைக் கடக்கவேண்டும். தொண்டாமுத்தூர் சாலையைக் கடக்கவேண்டும். மருதமலைச் சாலையைக் கடக்கவேண்டும். தடாகம் சாலையைக் கடக்கவேண்டும். இந்த இடங்களில் இன்று வெங்காயமும் வாழையும் பாக்கும் விளைகின்றன. இன்னும் பத்தாண்டு கழித்து என்ன விளையும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சாலை திறந்த மறுநாளே மனைப்பிரிவுக் கல் நடப்படும்; மூலை மனைக்குத்தான் முதல் விலை கேட்கப்படும். சந்திப்புக்கு வேண்டியது எதுவோ, அந்த மூலை மனைதான் அது!

இதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லையா? இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், நகரங்களின் முழுமைத் திட்டத்திலும் விரிவான அபிவிருத்தித் திட்டத்திலும் வருங்காலச் சாலைக்கென நிலத்தை ஒதுக்க அதிகாரம் தருகிறது. ஆனால் அதே சட்டம், அவ்வாறு ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தத் தவறினால் அது விடுவிக்கப்பட்டதாகும் என்றும் தன் 38-ஆம் பிரிவில் சொல்கிறது. அது நியாயமான விதி என்றே நான் கருதுகிறேன். ஒரு குடியானவரின் காட்டில் வரைபடக் கோடு ஒன்றைக் கிழித்துவிட்டு, விற்கவும் விடாமல், கட்டவும் விடாமல், பணமும் தராமல் முப்பது ஆண்டு அலையவிடுவது அரசு செய்யக்கூடிய காரியமா? கோடு கிழித்தால் பணத்தைக் கொடு. பணத்தைக் கொடுத்தால் நிலத்தைக் காப்பாற்று. இதைத்தான் நாம் கேட்கவேண்டும். சந்திப்புக்கு நிலம் கொடுக்கிற குடும்பம், பக்கத்துக் காட்டுக்காரரின் நிலம் விலையேறுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்யக்கூடாது. முழு விலையை, ஏறப்போகும் விலையையும் மனத்தில் வைத்து, முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். இன்று கொடுக்கும் தாராளமான விலைகூட, நாளை நகரத்துக்குள் கட்டடங்களை இடித்து வாங்கும் விலைக்கு முன்னே அற்பமாகவே இருக்கும்.

மேற்கு மலையடிவாரத்தில் யானைகள் நடமாடும் பாதைகளும் உண்டு என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். அங்கே வளையம் விரிக்கும்போது, எந்த மூலையில் விரிக்கக்கூடாது என்பதையும் வனத்துறையோடு அமர்ந்து இப்போதே தீர்மானிக்க வேண்டும்; பின்னால் கம்பிவேலி போட்டுச் சமாளிக்கலாம் என்று விட்டுவிடலாகாது.

மாணவ மணிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த நகரத்தில் பொறியியற் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு, மேற்குப் புறவழிச்சாலை குறுக்கிடும் என்று நான் சொன்ன அந்த நான்கு இடங்களுக்கும் செல்லுங்கள். வண்டிகளை எண்ணுங்கள்; எத்தனை நேராகப் போகின்றன, எத்தனை திரும்புகின்றன என்று பிரித்து எண்ணுங்கள். எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள், எத்தனை பேர் பேருந்துக்கு நிற்கிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு நிலம் தேவைப்படும் என்று வரைந்து, அந்த வரைபடத்தை மாவட்ட ஆட்சியரிடமும், நெடுஞ்சாலைத் துறையிடமும், நகர ஊரமைப்பு அலுவலகத்திலும் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொழிலதிபர்களும் வணிகர் சங்கத்தாரும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்த மாணவர்களின் பிரயாணச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிகளின் ஊராட்சித் தலைவர்களும் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் ஊரில் சந்திப்பு வரக்கூடிய மூலைகளில் மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, கையெழுத்திடுவதற்கு முன் ஊரைக் கூட்டி, இந்த வரைபடத்தை விரித்துவைத்துப் பேசுங்கள். புறவழிச்சாலை இன்னும் முழுமையாகத் திறக்கப்படவில்லை. அந்த மூலைகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் விளைநிலங்களாகவே இருக்கின்றன. வருகிற கிராம சபைக் கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.